கதவைப் பிடித்துக்கொள்ள ஒருத்தி

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில்தான் குழாய்க்காரருக்கு அந்த வேலை கிடைத்தது. அவர் மனைவியும் மனைவியின் தங்கையும் மழைக்கோட்டு தைக்கப் போகிற அதே ஆலை. அதன் முன்பக்கத்தில், சரக்கு வாங்க வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கென்று புதிதாக ஒரு கழிப்பறை கட்டினார்கள். குழாய் வேலை முழுக்க இவர் பொறுப்பு.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சாயங்காலச் சாப்பாடு கதை கேட்கிற நேரமாகிவிட்டது. இரண்டே அறைகள் உள்ள வீடு. ஒழுகுகிற இடத்தில் ஒரு வாளி வைத்திருப்பார்கள். அதில் சொட்டு விழுகிற சத்தத்தோடு மூன்று பேரும் அடுப்பறைத் தரையில் தட்டை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். சோறு, கீரை, ஆளுக்கொரு அவித்த முட்டை.

"கையை நீட்டினா போதும்," என்று சோறு ஒட்டிய கையையே நீட்டிக் காட்டினார் குழாய்க்காரர். "குழாயைத் தொடவே வேணாம். தண்ணி தானா வரும். கையை எடுத்தா தானா நின்னுடும்."

"நம்ம வீட்டுக் குழாயும் அதே சாதிதான்," என்றாள் பெரியவள். "நீட்டினாலும் வராது, எடுத்தாலும் வராது. ஊருக்கெல்லாம் குழாய் போடறவரு வீடு."

"பாக்கறேன், பாக்கறேன். கண்ணாடியைச் சுத்தி விளக்கு வச்சிருக்காங்க பாப்பா. அதுல பாத்தா நானே மாப்பிள்ளை மாதிரி இருக்கேன்."

"அப்ப கண்ணாடியில ஏதோ கோளாறு மாமா. மாத்தச் சொல்லுங்க," என்றாள் சின்னவள்.

சிரித்தபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன். போனால் வர வாரக்கணக்காகும். பிரசவம்வரை அக்கா வீட்டில் இருக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டிருந்தான்.

"உள்ள ஒரு மெத்தை நாற்காலிகூட உண்டு."

"கக்கூஸ்ல எதுக்கு நாற்காலி?"

"களைப்பாறத்தான்."

"கார்ல வந்து இறங்கறவங்களுக்கு என்ன களைப்பு!" என்றாள் பெரியவள்.

சின்னவள் முட்டையைப் பிட்டபடி யோசித்தாள். "மாமா, உள்ள தாழ்ப்பாள் இருக்கா?"

"தாழ்ப்பாளா? சாதாரணத் தாழ்ப்பாள் இல்ல பாப்பா. உள்ள போய்ப் பூட்டினா வெளியில சிவப்பா காட்டும். ஆள் இருக்காங்கன்னு அர்த்தம். திறந்தா பச்சை."

"எங்க பக்கத்துக் கக்கூஸ் கதவுக்கு வெறும் தாழ்ப்பாள் போதும் மாமா. சிவப்பு பச்சையெல்லாம் வேணாம். போட்டுட்டு வாங்களேன்."

குழாய்க்காரர் விரலை நக்கினார். "எனக்குக் குடுத்தது முன்பக்கம் மட்டும்தானே. கேட்டுப் பாக்கறேன்."

கேட்டுப் பார்க்கிறேன் என்பது அவர் வாயிலேயே குடியிருந்த சொல். நல்ல மனுஷர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஒரு ஆணி அடிப்பதென்றாலும் வீட்டுக்காரனைக் கேட்காமல் அடித்ததில்லை.

ஆலையில் அப்போது குழந்தைகளுக்கான மஞ்சள் மழைக்கோட்டு ஓடிக்கொண்டிருந்தது. சாளரங்களில்லாத நீளக் கொட்டகைக்குள் இயந்திரங்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொரு வரிசைக்கும் மேலே ஒரு விளக்கு. துணி கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருக்கிறவரை பச்சை எரியும். எங்காவது தேங்கினால் சிவப்பாகிவிடும். சிவப்பானால் கொட்டகை முழுக்கத் தலை திருப்பிப் பார்க்கும்.

சின்னவள் கோட்டில் தலைமூடியை வைத்துத் தைப்பாள். அவளிடமிருந்து வாங்கிப் பெரியவள் பல்பட்டை, அதாவது ஜிப், வைப்பாள். பெரியவளிடமிருந்து கத்தரிக்குப் போகும். கத்தரி என்பது அவளுடைய வேலையும் பெயரும். நூல் பிசிறு வெட்டுகிறவள். வாயும் அப்படித்தான்.

கழிப்பறைக்குப் போக அனுமதியாக வரிசைக்கு ஒரு சிவப்பு வில்லை மேற்பார்வைக்காரன் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். வாயில் விசிலோடு திரிகிறவன் என்பதால் அவனுக்கும் விசில் என்றே பெயர். வில்லையை எடுத்துக்கொண்டு எழுந்தால், அடுத்தவள் கை காலியாகும். விளக்கு சிவப்பாகும். ஆக, எழுந்திருக்கிறவள் கெடுப்பது கம்பெனியை அல்ல, பக்கத்தில் இருப்பவளை. இதைக் கண்டுபிடித்தவன் யாரோ, பெண்களை நன்றாகத் தெரிந்தவன்.

எழுந்துபோனாலும் சுகமில்லை. பின்முற்றத்தைத் தாண்டி, கூரையில்லாத பாதையில், மழையில் நனைந்துகொண்டு போகவேண்டும். மழைக்கோட்டு தைக்கிறவர்கள் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடுவார்கள். அங்கே கதவுக்குத் தாழ்ப்பாள் எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. ஆண்கள் பக்கமும் அதே முற்றம்தான். மதிய இடைவேளையில் என்றால் ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்ள ஒருத்தி போவாள். வேலை நேரத்தில் வில்லை ஒன்று, ஆளும் ஒன்று. காலை எட்டி நீட்டிக் கதவை மிதித்துக்கொண்டே உட்காரவேண்டும். அந்தப் பாடு படுவதற்குத் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடலாம்.

பெரியவள் அப்படித்தான் இருந்துவிட்டாள். அவளுக்கு அங்கே பாறை என்று பெயர். வில்லையைத் தொட்டே அறியாதவள் என்று ஆண்டுவிழாவில் முதலாளியம்மா கையால் பரிசுகூடக் கொடுத்தார்கள். கம்பெனி முத்திரை போட்ட எவர்சில்வர் தண்ணீர்ப் புட்டி.

"தண்ணியே குடிக்காதவளுக்குத் தண்ணிப் புட்டியா?" என்றாள் கத்தரி அன்றைக்கு. "நடக்கவே விடாதவன் செருப்பு வாங்கிக் குடுத்த மாதிரி இருக்கு."

"உன்ன மாதிரி ஓட்டைக் குடமாவா இருக்கச் சொல்றே?" என்று திருப்பிக் கொடுத்தாள் பெரியவள். கத்தரி தினமும் வில்லை எடுக்கிறவள். அவளுக்கும் பெரியவளுக்கும் அதிலிருந்து அவ்வளவாகப் பேச்சில்லை.

புட்டியை வீட்டில் அலமாரியின் மேல்தட்டில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், வந்தவர்கள் கண்ணில் படும்படி வைத்திருந்தாள்.

தங்கை வேலைக்குச் சேர்ந்தபோது தன் வித்தையை அவளுக்கும் கொடுத்தாள். காலையில் ஒரு வாய் தேநீர், அதோடு சரி. நாக்கு வறண்டால் கன்னத்தில் ஒரு கிராம்பு. எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், தாகம் தெரியாது. தினமும் கிளம்பும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் கிராம்பைப் பொட்டலம் கட்டித் தங்கை கையில் வைப்பாள். அதில் அன்பு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

"எரியுதுக்கா," என்றாள் சின்னவள் ஒரு நாள் நடந்துபோகும்போது.

"எனக்கும்தான் எரியும். தண்ணி கம்மியானா அப்படித்தான். போகப்போகப் பழகிடும்."

"முதுகும் விடாம வலிக்குது."

"முதல் பிள்ளைன்னா முதுகு வலிக்காம பாட்டா பாடும்? நட, மணி அடிச்சுடப் போறான்."

சின்னவள் நடந்தாள். மழைத் தூறலில் அவள் உடம்பு நடுங்கியது. குளிர் என்று அக்கா நினைத்தாள். குளிர்தான் என்று தங்கையும் நினைத்தாள்.

வெளிநாட்டுக்காரர்கள் வருகிற நாள் வந்தது. கொட்டகையைக் கழுவிவிட்டிருந்தார்கள். மூலையில் கிடந்த கழிவுத் துணி மூட்டைகளையெல்லாம் பின்முற்றத்துக்குத் தள்ளி, முற்றத்துக்குப் போகிற கதவைப் பூட்டியும் விட்டார்கள்.

சின்னவள் தையலை நிறுத்திக் கையைத் தூக்கினாள். விசில் வந்தான்.

"வில்லை வேணும் சார்."

"இன்னிக்கு வில்லை கிடையாதும்மா. பின்பக்கம் பூட்டு. அவங்க போனதும் திறப்பாங்க. காலையிலயே சொன்னோம்ல?"

"முடியல சார்."

"என்னை என்ன பண்ணச் சொல்றே? சாவி என்கிட்டயா இருக்கு?" அவன் குரலைத் தாழ்த்தினான். "நானே காலையில இருந்து அடக்கிக்கிட்டு நிக்கறேன்."

பெரியவள் பல்பட்டையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்: "கொஞ்சம் பொறுடி. மத்தியானம் வரைக்கும்தானே. கிராம்பு போட்டுக்கோ."

சின்னவள் கிராம்பைப் போட்டுக்கொண்டாள். இன்னும் சில கோட்டுகளுக்குத் தலைமூடி வைத்தாள். மஞ்சள் துணி கண்ணுக்குள் இரண்டு மூன்றாகத் தெரிந்தது. சின்னச் சின்னக் கைகள், உள்ளே யாருமில்லாத கைகள், மேஜைமேல் அவளை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. அவள் எழுந்தாள். யாரிடமும் சொல்லாமல், முன்பக்கம் போகிற கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை. தரை, கால் வைக்கத் தயங்குகிற அளவுக்குப் பளபளத்தது. மேலே எரிகிற விளக்குகள் தரையிலும் எரிந்தன. விளக்கின்மேல் விளக்காக மிதித்துக்கொண்டு, சுவரில் கை ஊன்றி நடந்தாள். கடைசியில், இரவல் வாங்கிய வெள்ளைச் சட்டையோடு, கையில் ஒரு துணியோடு, மாமா நின்றிருந்தார். ஏதாவது கசிந்தால் பார்த்துக்கொள்வதற்காக அன்றைக்கு அவரை அங்கே நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

"பாப்பா? இங்க எப்படி வந்தே?"

"திறங்க மாமா."

"என்னம்மா ஆச்சு?"

"பின்னாடி பூட்டிட்டாங்க. முடியல. திறந்து விடுங்க."

சாவி அவர் கையில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"இப்பதாம்மா துடைச்சு வச்சேன். ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அவங்க வர்ற நேரம் வேற..."

"மாமா."

"ரெண்டே நிமிஷம். மேனேஜர் மாடியிலதான் இருக்காரு. கேட்டுட்டு ஓடி வந்துடறேன். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நில்லு. விழுந்துடாத."

ஓடத்தான் செய்தார். அதை அவரைப் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மாடியில் மேனேஜர் தொலைபேசியில் இருந்தார். இரு என்று ஒரு விரலைக் காட்டினார். குழாய்க்காரர் இருந்தார். துணியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, அந்த விரல் இறங்குகிறவரை இருந்தார்.

"என்ன?"

"உள்ள வேலை செய்யற பொண்ணுங்க சார். என் மச்சினி. மாசமா இருக்கா. அவசரம்னு நிக்கறா. முன்பக்கத்தைத் திறக்கலாங்களா?"

மேனேஜர் முகம் சுளித்தார். "அவசரம்னா திறந்து விட வேண்டியதுதானே? இதுக்குப் போய் என்னைக் கேட்டுக்கிட்டு நிக்கறியா? போ போ."

குழாய்க்காரர் சந்தோஷமாகவே படியிறங்கினார்.

கீழே அவள் சுவரை விட்டுச் சரிந்து கிடந்தாள். பளபளப்பான தரையில் அவளைச் சுற்றி ஈரம் பரவியிருந்தது. அதில் சிவப்பும் கலந்திருந்தது. துப்புரவு செய்கிற இரண்டு பெண்கள் அதற்குள் வந்து, ஒருத்தி அவள் தலையை மடியில் வைத்திருந்தாள், மற்றவள் அழுதுகொண்டே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கார் வாசலுக்கு வந்துவிட்டது என்று யாரோ சத்தம் போட்டார்கள். குழாய்க்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகவே வெளியே ஓடினார். இறங்கிய வெளிநாட்டுக்காரர்கள் குடைக்கடியில் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

இதெல்லாம் பெரியவளுக்குத் தெரியாது. தங்கை இடம் காலியாகி, தன் கையும் காலியாகி, மேலே விளக்கு சிவப்பானதும் அவளுக்கு வந்தது கோபம்தான். எங்கே போய்த் தொலைந்தாள் என்று முனகிக்கொண்டே முக்காலியை நகர்த்திப் போட்டு, தலைமூடியையும் தானே தைத்தாள், பல்பட்டையையும் தானே வைத்தாள். வெளிநாட்டுக்காரர்கள் கொட்டகைக்குள் வந்தபோது அவள் வரிசையில் பச்சை எரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்னவளின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், முதுகில் தட்டிப் பார்த்தார். காய்ச்சல் அனலாகக் கொதித்தது. மூத்திரத்தில் கிருமி சேர்ந்து சிறுநீரகம்வரை ஏறிவிட்டது, நாள்பட்டது, எப்படிக் கவனிக்காமல் விட்டீர்கள் என்றார். பிறகு கேட்டார்:

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பாங்க?"

சேதி கிடைத்து ஓடிவந்த பெரியவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். வாயில் தயாராக இருந்த பதில் தானாக வந்தது.

"அவ தண்ணியே கேக்க மாட்டா டாக்டர். ரொம்பக் கட்டுப்பாடான பொண்ணு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பிறகுதான் பெரியவளுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. அதில் இருந்த பெருமையும் விழுந்தது.

விடியும்போது குழந்தை இல்லை என்றாகிவிட்டது.

வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றும் மழை விடவில்லை. லாரிக்காரன் எங்கோ வெள்ளம் பாய்ந்த சாலையில் மாட்டிக்கொண்டு, "வந்துக்கிட்டே இருக்கேன், வந்துக்கிட்டே இருக்கேன்" என்று தொலைபேசியில் அழுதான். சின்னவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெரியவள் அலமாரியிலிருந்து புட்டியை எடுத்தாள். பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். கழுவி, ஆறவைத்த தண்ணீரை ஊற்றிக் கொண்டுவந்தாள்.

"எழுந்து குடிடி."

சின்னவள் எழுந்து வாயில் வைத்தாள். ஒரு மடக்கு இறங்கியது. அதற்குமேல் புட்டியை இறக்கிவிட்டாள்.

"போதும்க்கா. அப்புறம் போகணும்னு வரும்."

"வந்தா போடி. இது வீடு."

"தெரியுது. தொண்டை கேக்க மாட்டேங்குது." பிறகு, தூக்கக் கலக்கத்தில் கேட்கிறவள்போல், "கிராம்பு இருக்காக்கா?" என்றாள்.

பெரியவள் எழுந்து அடுப்பறைக்குப் போனாள். கிராம்பு டப்பாவை அப்படியே அடுப்பில் கொட்டினாள். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க அந்த நெடி எழுந்து, கண்ணைக் கரித்தது. மூன்று பேரும் இருமினார்கள்.

"மாமா, ஜன்னலைத் திறங்களேன்," என்றாள் சின்னவள்.

குழாய்க்காரர் மூலையில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் ஒரு கதையும் சொல்லவில்லை. சாவியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, அது இன்னும் ஆணியில் தொங்கிய அந்த வெள்ளைச் சட்டையின் பையிலேயே கிடந்தது. மழை உள்ளே அடிக்காமலிருக்க ஜன்னலுக்குச் சாக்கு கட்டியிருந்தது. அவர் பழக்கத்தில் மனைவி முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். எழுந்துபோய்ச் சாக்கை இரண்டு கையாலும் பிய்த்து எறிந்து ஜன்னலைத் தள்ளினார். சாரல் முகத்தில் அடித்தது. நகராமல் அங்கேயே நின்றார்.

"நனையறீங்க," என்றாள் பெரியவள்.

"கேக்காம இருந்திருக்கலாம்," என்றார் அவர், மழையைப் பார்த்துக்கொண்டு. "கை என்னுது. சாவியும் என் கையில. எதுக்குப் போய்க் கேட்டேன்?"

"நான் பொறுத்துக்கச் சொன்னேன்," என்றாள் பெரியவள்.

சின்னவள் சுவரைப் பார்த்தே கேட்டாள். "மாமா, அவங்கள்ல யாராவது உள்ள போனாங்களா?"

அவருக்குத் தெரியவில்லை. பெரியவளுக்குத் தெரியும், சொல்லவில்லை. ஒருவர் மட்டும் போனாராம், கை கழுவினாராம். மற்றவர்கள் கதவைத் திறந்து வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்களாம். தொழிலாளர் வசதிகள் திருப்தி என்று சொல்லிவிட்டுப் போனதாக அன்றைக்கே கொட்டகையில் பேச்சு.

பெரியவள் வேலைக்குத் திரும்பிய அன்று தங்கை இடத்தில் ஒரு புதுப்பெண் உட்கார்ந்திருந்தாள். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. பெரியவள் பையிலிருந்து புட்டியை எடுத்து இயந்திரத்தின்மேல், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தாள். ஒரு கோட்டு முடித்ததும் ஒரு மடக்கு. மருந்து குடிக்கிறவள்போல் முகத்தைச் சுளித்துச் சுளித்துக் குடித்தாள். புதுப்பெண் ஆச்சரியமாகப் பார்த்தாள். கத்தரியும் பார்த்தாள். 

புட்டி காலியானபோது பெரியவள் எழுந்தாள். விசில் வாயிலிருந்து விசிலை எடுத்தான்.

"பாறையா? நீயா?"

அவள் ஆணியிலிருந்து வில்லையை எடுத்தாள். இத்தனை வருஷத்தில் அதன் எடை அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. ஒன்றுமே எடையில்லை.

முற்றத்தில் மழை சாய்ந்து பெய்தது. தலைக்கு எதுவும் போடாமல் நடந்தாள். உள்ளே போய் உட்கார்ந்து காலை நீட்டினால் கதவு எட்டவில்லை. அவள் குள்ளம். காற்று கதவை அடித்துத் திறந்தது. எழுந்து சாத்தினாள். உட்கார்ந்தாள். மறுபடி திறந்தது. அவ்வளவு குடித்தும் வயிறு இறுகிக் கிடந்தது. ஒன்றும் வரவில்லை. அடக்கத் தெரிந்த உடம்புக்கு விடத் தெரியவில்லை. ஓட்டில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

கதவு மறுபடி அசைந்தது. இந்த முறை திறக்கவில்லை. வெளியிலிருந்து யாரோ அதை இழுத்துப் பிடித்தார்கள்.

"யாரு?"

"ஓட்டைக் குடம்தான்," என்றது கத்தரியின் குரல். "பிடிச்சுக்கிட்டேன். நீ மெதுவா வா."

"வில்லை என்கிட்டல்ல இருக்கு? நீ எப்படி வந்தே?"

"நடந்துதான்."

"விளக்கு சிவப்பாயிருக்குமேடி."

"எரியட்டும். விசில் ஊதிக்கிட்டு இருக்கான், நல்லா ஊதட்டும்." கொஞ்சம் நிறுத்தி, "சின்னது எப்படி இருக்கா?" என்று கேட்டாள்.

பெரியவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. அதோடு இறுகிக் கிடந்ததும் விட்டது. மழையின் இரைச்சலில் எது எதன் சத்தமென்று வெளியே பிரித்துக் கேட்டிருக்காது.

கொட்டகைப் பக்கமிருந்து விசில் விட்டுவிட்டுக் கேட்டது. கத்தரி நனைந்துகொண்டே நின்றாள். கதவை விடவில்லை.